கம்பளி நூலுண்டையும் ஒரு கோரிக்கையும்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைகளில் நீங்கள் நடத்தும் பதினைந்து நிமிடக் குழு விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். கம்பளி நூலுண்டை விளையாட்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

உண்டை யார் கைக்கு வருகிறதோ, அவர் இங்கே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வீச வேண்டும். என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் அது வந்தபோது அவர் பேசவில்லை. நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். விரல் நுனி சிவந்துபோனது. "தயங்காமல் சொல்லுங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றார் நடத்தியவர். அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்துவிட்டு வேலைக்கு வருவதைத் தோழி சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, புதிய திட்டத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, "வீட்டுச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டோம்" என்று பதில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு வேலையைக்கூட அவர் தாமதப்படுத்தியதில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்று பலகையில், நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் தெரிந்தது எது, தெரியாதது எது என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஜோஹாரி சாளரத்தை வரைந்து விளக்கினீர்கள். 1955-இல் ஜோசப் லுஃப்டும் ஹாரிங்டன் இங்காமும் உருவாக்கிய அந்தப் படத்தில் 'மறைந்த பகுதி' என்றொரு கட்டம் உண்டு; நமக்குத் தெரிந்தும் பிறரிடம் சொல்லாமல் வைத்திருப்பவை அதில் அடங்கும். அதன் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டியது. நீங்கள் வெளியிலிருந்து தள்ளினீர்கள். துணிந்து பேசினால் கேடு வராது என்ற நம்பிக்கையைத்தான் நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 'உளவியல் பாதுகாப்பு' என்றார். பேசியவருக்கு இங்கே கேடு வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன்: மேலாளர்கள் ஏன் வட்டத்தில் உட்காருவதே இல்லை? சுவரோரம் நின்று குறிப்பெடுக்கிறார்கள். ஊதிய உயர்வு ஏன் தள்ளிப்போனது என்று நாங்கள் கேட்டால் மட்டும் அது ரகசியம்!

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "சொல்ல விருப்பமில்லை" என்று உண்டையை அடுத்தவருக்கு வீசும் உரிமை வேண்டும். வட்டத்தில் சொன்னது எதுவும் பணி ஒதுக்கீட்டுக்கோ மதிப்பீட்டுக்கோ போகக் கூடாது. "இந்த வாரம் உங்களுக்கு உதவியவர் யார்?" என்று கேட்டாலே போதும், நாங்கள் மனம்விட்டுப் பேசுவோம். முதல் முறை மேலாளரே உண்டையைப் பிடித்து, வேலையில் தாம் செய்த ஒரு தவறைச் சொல்லட்டும்.

திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன்: வட்டத்தில் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. இதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தோழியின் பெயரையும் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்து ஊழியர் ஒருவர்