எட்டு நிமிடமும் கழுகுக் கதையும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

இளைஞர்கள் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்வரிசைப் பாட்டிமார் தூங்கி வழிவதே நம் பிரசங்கங்களின் நீளத்துக்குச் சாட்சி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ரொம்ப நன்றி. நானும் முன்வரிசைதான். காது மந்தமானதால் முன்னால் உட்காருகிறோம். கண்ணை மூடுவது, பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் திரையின் வெளிச்சம் கூசுவதால். பிரசங்கத்தில் சொன்னது என்ன என்று வெளியே வந்ததும் எங்களைக் கேட்டுப் பாருங்கள், பின்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்தவர்களையும் கேளுங்கள்.

பிரசங்கம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024-ல் சொன்னதைத் துணைக்கு அழைத்திருக்கிறார். சொன்னது உண்மை. அதே பேச்சில், பிரசங்கத்தில் ஓர் உருவம், ஓர் எண்ணம், ஓர் உணர்வு இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் கட்டுரையாளர் வசதியாக விட்டுவிட்டார். மேலும், போப் பேசியது கத்தோலிக்கத் திருப்பலிக்குள் வரும் மறையுரையைப் பற்றி. அங்கே எல்லாம் நற்கருணையை நோக்கிப் போகிறது. நம் சபைகளிலோ பல ஞாயிறுகளில் அதற்கு ஈடான திருவிருந்தும் இல்லை. பிரசங்கத்தையும் எட்டு நிமிடமாக்கிவிட்டால் மிஞ்சப்போவது அறிவிப்புகளும் காணிக்கையும்தான்.

நீளம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை ஐயா. உபதேசியாராக இருந்த என் தகப்பனார் முக்கால் மணி நேரம் பேசுவார். சனிக்கிழமை சாயங்காலம் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மறுநாள் வேத வாசகங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அந்நேரம் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. இப்போது வாசகம் ஒன்று, பேச்சு வேறொன்று. சுவிசேஷத்தை வாசித்து முடித்ததும் அதை மூடி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்ததைத் திறக்கிறார்கள்.

அந்தக் கழுகுக் கதை! நாற்பது வயதில் மலைமேல் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புதுக்கழுகாகத் திரும்புமாம். எத்தனை பீடங்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அலகில்லாத கழுகு பட்டினியிலேயே செத்துப்போகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். கழுகைப் போல இளமை திரும்பும் என்று சொல்லும் 103-ஆம் சங்கீதத்துக்கு இந்தப் பொய் எதற்கு?

புத்தாண்டுக்கு வேதவசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. எரேமியா 29:11 புத்தாண்டு இரவில் எல்லார் கையிலும் இருக்கும். சமாதானத்துக்கேதுவான நினைவுகள், சந்தோஷம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று அதற்கு முந்தின வசனம் சொல்கிறது. அதை எந்த அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்? கடன் தீரும், விசா வரும் என்று அந்த வசனத்தை வைத்துப் பேசினார் ஒரு சிறப்புப் பேச்சாளர். பெயர் சொல்ல விரும்பவில்லை.

அப்புறம், கீர்த்தனைகளை 'மேல்நாட்டுப் பழைய சரக்கு' என்று கட்டுரையாளர் ஒதுக்கியிருக்கிறார். தங்கள் பார்வைக்கு வந்தும் இது எப்படித் தப்பியது? மேல்நாட்டு ராகத்தில் பாடுவது பாமாலை. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் சங்கீதத்தில் பிறந்தது. வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் இதே பாளையங்கோட்டையில் பிறந்தவர், தஞ்சாவூரில் வாழ்ந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதி, குறவஞ்சியையே பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர். எழுத்து வாசனையே இல்லாத என் ஆச்சி, நாற்று நடும்போது கீர்த்தனைகளைச் சரணம் பிசகாமல் பாடுவாள். இப்போது மைக் வைத்திருக்கும் ஆறு பேர் பாடுகிறார்கள், டிரம்ஸ் அதிர்கிறது, சபை வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறது. இதில் எது மேல்நாட்டுச் சரக்கு?

இன்னொன்று. "பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து, நீ ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று சொல்லுங்கள்" என்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏவுகிறார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-ல் வந்த திருவிருந்து முறையிலேயே சமாதானம் கொடுப்பது இருக்கிறது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. கைகளைக் கைகளுக்குள் ஏந்திக் கொடுத்தோம், வரிசை வரிசையாக. போன வருஷம் என் பேத்தியோடு போன ஒரு நகரத்துச் சபையில் அதை நேரமில்லை என்று விட்டுவிட்டு, ஒலிபெருக்கி வாங்கக் காணிக்கை எடுத்தார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் கேட்பது சின்னதுதான். மாதத்தின் எல்லா ஞாயிறுகளுக்கும் உரிய வாசகப் பகுதிகளை முந்தின மாத இதழிலேயே வெளியிடுங்கள். நாங்களாவது வீட்டில் வாசித்துவிட்டு வருகிறோம். தாங்கள் அச்சிடும் கீர்த்தனைகளுக்கு முன்போல ராகம், தாளம் தலைப்பில் போட வேண்டும். இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பின்னட்டையில் வரும் வாக்குத்தத்தக் காலண்டர் விளம்பரத்தைப் பாதியாக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை