ரெட்டைப் புள்ளியைப் பிடித்த தங்கைக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கம். நம் குருதிக்கொடையாளர் தளம் நேற்று இரவிலிருந்து எச்சரிக்கை ஏதுமில்லாமல் திறக்கிறது. நடந்த கூத்து உங்களுக்கே தெரியும்: தளத்துடனான இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் நமக்குக் கிடைக்கவில்லை. அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு மறுத்துக்கொண்டே இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள், தளம் முடங்கிய நேரத்தில் கொடையாளர் எண்களைப் போனிலேயே தேடிக் கொடுத்தவர்கள், "காசு கொடுத்தே சான்றிதழ் வாங்கிடலாம், நான் தர்றேன்" என்றவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் முடிச்சை அவிழ்த்தது, நண்பரின் உறவுக்காரப் பெண் ஒருவர். முன்பின் பழக்கமில்லை. இரவுப் பணிக்கு நடுவே கூப்பிட்டார். சர்வரின் போர்ட் 80 (வலைப்பக்கக் கோரிக்கை வரும் வழி), ஃபயர்வால் (தடுப்புச் சுவர்) எல்லாம் பார்த்தாகிவிட்டது, தளம் நம்முடையதுதானா என்று பார்க்க லெட்ஸ் என்கிரிப்ட் தேடும் சோதனைக் கோப்பு எங்கள் பிரவுசரில் திறக்கிறது, லெட்ஸ் என்கிரிப்ட் மட்டும் 404, அதாவது 'கோப்பு இல்லை' என்கிறது என்று புலம்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணா, அந்தப் பிழைச் செய்தியில ஒரு முகவரி இருக்கும் பாருங்க. நடுவுல ஒத்தப் புள்ளியா, ரெட்டைப் புள்ளியா?"

ரெட்டைப் புள்ளி. அதாவது ஐபிவி6, புது வகை இணைய முகவரி. ஒத்தப் புள்ளி என்றால் பழைய வகையான ஐபிவி4.

பழைய ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐபிவி6 முகவரி டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயருக்கு எந்தச் சர்வர் முகவரி என்று சொல்லும் பட்டியல்) ஏஏஏஏ பதிவாக, அதாவது ஐபிவி6-க்கான பதிவாக, இன்னும் உட்கார்ந்திருந்தது. இரண்டு முகவரியும் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 பக்கம்தான் முதலில் போகுமாம். அங்கே பதிலே வராமல் நேரம் கடந்தால்தான் ஐபிவி4 பக்கம் திரும்பும். பழைய சர்வரோ உயிரோடு இருந்து, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பொறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! எங்கள் வீட்டு இணைப்புகளில் ஐபிவி4 மட்டும்தான். எப்படிக் கண்ணில் படும்?

பதிவை நீக்கியதும் மறுபடி சான்றிதழ் கேட்கும் பட்டனை அழுத்தப் போனேன். "இருங்கண்ணா" என்று தடுத்தார். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் கதவைச் சாத்திவிடுவார்களாம். முதலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனைச் சர்வரில் ஓட்டவைத்தார், அப்புறம்தான் நிஜம். சான்றிதழ் வந்த பிறகும் போனை வைக்கவில்லை. தானாகப் புதுப்பிக்கிறதா என்று 'ட்ரை ரன்' (ஒத்திகை) பார்க்கவைத்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்.

இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். காலாவதி நினைவூட்டு மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டதால், இனி மாதம் ஒருமுறை நானே தேதியைப் பார்ப்பேன். 2015 முதல் இலவசமாகத் தருகிறவர்களுக்கு இந்த ஆண்டு நம்மால் முடிந்த நன்கொடையும் போகும்.

தங்கச்சி, பேர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை. இந்தப் பக்கம் வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.