பஸ்ல ராம்ப் இருக்கு, ஸ்டாப்புக்கு போக வழி இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர், அமெரிக்காவுல வீல்சேர்ல போறவங்களுக்கு பஸ்ல ட்ரெயின்ல எல்லா வசதியும் இருக்கு, இந்த ஊர்க்காரங்களுக்கு மனசு பெருசுன்னு எழுதியிருந்தாரு. படிச்சதுல இருந்து அது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

எங்க அம்மா அஞ்சு வருஷமா வீல்சேர்லதான் இருக்காங்க, இங்க அமெரிக்காவுல எங்ககூடதான் இருக்காங்க, தமிழ் தவிர வேற பாஷை தெரியாது. பஸ் வந்து நின்னா டிரைவர் ராம்பை இறக்கி, அம்மாவை ஏத்தி, வீல்சேரை பெல்ட் போட்டு கட்டி, அம்மா தலையை ஆட்டினதுக்கு அப்புறம்தான் வண்டியை எடுப்பாரு. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்டுல இருந்து அந்த ஸ்டாப் வரைக்கும் பாதி தூரத்துக்கு நடைபாதையே கிடையாது. புல்லுல ஒரு கம்பத்தை நட்டு வச்சிருக்காங்க, அதுதான் ஸ்டாப். மழை பெஞ்சா சக்கரம் அப்படியே புதைஞ்சிடும், அதனால நான் அம்மாவை கார் வர்ற ரோட்டு ஓரமாவே தள்ளிக்கிட்டு போறேன், பின்னாடி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அம்மா ரெண்டு கைப்பிடியையும் இறுக்கி பிடிச்சுக்குவாங்க.

மனசு பெருசுன்னு சொன்னாரே, அந்த ராம்ப் கூட யாரோட மனசுல இருந்தும் வந்தது இல்லீங்க. 1955-ல மாண்ட்கோமரி ஊர்ல, பஸ்ல இனம் பார்த்து சீட்டு பிரிச்சதை எதிர்த்து கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸே ஏறல, அந்தப் போராட்டமெல்லாம் சேர்ந்துதான் 1964-ல சிவில் உரிமைச் சட்டம் வந்துச்சு. மத்திய அரசு பணம் வாங்கற எந்தத் திட்டத்துலயும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து ஒருத்தரையும் ஒதுக்கக் கூடாதுன்னு அதோட டைட்டில் சிக்ஸ் சொல்லுது. அதே வாசகத்தை அச்சா வச்சுதான் 1973-ல மாற்றுத்திறனாளிகளுக்காக செக்ஷன் 504 எழுதினாங்க. எழுதிட்டு விதிமுறையில கையெழுத்து போடாம நாலு வருஷம் இழுத்தாங்க, 1977 ஏப்ரல்ல மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடின ஜூடித் ஹியூமனும் மத்தவங்களும் சான் ஃபிரான்சிஸ்கோவுல மத்திய அரசு ஆபீஸுக்குள்ள போய் உட்கார்ந்து, மூணு வாரத்துக்கு மேல அந்த இடத்தை விட்டுக் குடுக்கவே இல்ல, அப்புறம்தான் கையெழுத்து விழுந்துச்சு. அடுத்த வருஷம் ஜூலையில டென்வர்ல 19 பேர் வீல்சேர்ல போய் நடு ரோட்டுல, வீல்சேர் ஏற முடியாத பஸ்ஸை மறிச்சு ராத்திரி முழுக்க அங்கயே கிடந்தாங்க. 1990 மார்ச்சுல வீல்சேரை கீழ விட்டுட்டு நாடாளுமன்றப் படிக்கட்டுல கையால ஊர்ந்து ஏறினாங்க, அதுல எட்டு வயசு பொண்ணு ஒண்ணும் இருந்துச்சு. அதே வருஷம் ஜூலை 26-ல ஏடிஏங்கற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கையெழுத்தாச்சு. இதுக்குப் பேரு உரிமை, வாங்கினது.

ஆனா வாங்கின உரிமை பஸ்ஸோட நின்னு போச்சேங்கறதுதான் என் ஆதங்கம். இங்க 50,000 பேருக்கு மேல இருக்கற ஒவ்வொரு நகரப் பகுதிக்கும் எம்பிஓன்னு ஒரு வட்டாரத் திட்ட அமைப்பு உண்டு, நம்மாளுங்க பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. குறைஞ்சது 20 வருஷத்துக்கு எந்த ரோடு, எந்த பஸ் ரூட்டுன்னு அவங்கதான் திட்டம் போடறாங்க, அடுத்த நாலு வருஷத்துல எந்த வேலைக்கு எவ்வளவு பணம்னு லிஸ்ட்டும் அவங்கதான் போடறாங்க. டைட்டில் சிக்ஸ், ஏடிஏ ரெண்டையும் ஒழுங்கா கடைப்பிடிச்சோம்னு அவங்களே சான்று எழுதிக் குடுக்கணும், 2 லட்சம் பேருக்கு மேல உள்ள இடத்துல நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மத்திய அதிகாரிங்க வந்து பார்ப்பாங்க.

எங்க பக்கத்து எம்பிஓ கூட்டத்துக்கு நான் போனேன். லிஃப்ட் இருந்துச்சு, மைக் இருந்துச்சு, கேட்டா சைகை மொழிக்கு ஆள் ஏற்பாடு பண்றோம்னு நோட்டீஸ்லயே போட்டிருந்தாங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க. இந்த ரூட்டுல இருக்கற ஸ்டாப்புல எத்தனைக்கு வீல்சேர்ல போய் சேர முடியும்னு கேட்டேன். யார்கிட்டயும் அந்தக் கணக்கே இல்ல. பஸ்ஸும் கம்பமும் பஸ் நிர்வாகத்தோடது, நடைபாதை சிட்டியோடது, ரோடு மாநிலத்தோடதுன்னு பொறுமையாத்தான் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு சட்டத்தை கடைப்பிடிச்சாச்சு, நடுவுல எங்க அம்மா புல்லுல நிக்கறாங்க. இந்த மூணு பேரையும் ஒரே மேசையில உட்கார வைக்கறதுக்குத்தானே எம்பிஓன்னு ஒண்ணு இருக்கு? அவங்களே அது எங்க வேலை இல்லன்னா வேற யார்கிட்ட போறது?

சட்டத்துல இடம் இல்லாமலும் இல்ல. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற எந்த ஊர் நிர்வாகமும் எங்கெங்க தடை இருக்கு, எப்ப சரி பண்ணுவோம்னு 1992-லயே திட்டம் எழுதி வச்சிருக்கணும். பிலடெல்ஃபியா வழக்குல 1993-ல மேல்முறையீட்டு கோர்ட்டு, ரோட்டுக்கு புதுசா தார் போட்டாலே தெரு முனையில ராம்ப் வச்சாகணும்னு சொல்லிடுச்சு. சாக்ரமெண்டோ சிட்டி, நடைபாதை ஒரு சேவையே இல்லன்னு வாதாடி 2002-ல தோத்துச்சு, கடைசியில போக்குவரத்து நிதியில 20 சதவீதத்தை 30 வருஷம் வரைக்கும் நடைபாதைய சரி பண்ண ஒதுக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. அப்ப பணத்தை பிரிக்கற இடத்துல கேட்டா நடக்குது, அதை விட்டுட்டு ஒவ்வொரு ஸ்டாப்புக்கா புகார் எழுதிக்கிட்டு இருந்தா என் ஆயுசு பத்தாது.

இன்னொண்ணும் சொல்லணும். சாதாரண பஸ்ல போக முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வண்டி அனுப்பற பாராட்ரான்ஸிட்னு ஒரு சேவை உண்டு, பஸ் ரூட்டுல இருந்து முக்கால் மைலுக்குள்ள இருந்தா குடுத்தாகணும், முதல் நாள் சொன்னா மறுநாள் வரணும், டிக்கெட் பஸ்ஸைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாது. அதுக்கு அம்மாவை போன்ல இன்டர்வியூ எடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல, நீங்களே மொழிபெயர்த்திருங்கன்னு என்கிட்ட சொல்லிட்டாங்க. தனியா ரோடு கிராஸ் பண்ணுவாங்களான்னு கேட்டா அம்மா "சமாளிச்சுக்குவேன்"ங்கறாங்க. பெத்த பொண்ணு முன்னாடி முடியலன்னு எந்த அம்மா சொல்லுவாங்க? வேற ஒருத்தர் தமிழ்ல பக்குவமா கேட்டிருந்தா பதில் வேற மாதிரி வந்திருக்கும். பாஷை தெரியாதுன்னு ஒதுக்கறதும் பூர்வீகம் பார்த்து ஒதுக்கறதுதான்னு, சீனக் குழந்தைங்க படிப்பு வழக்குல 1974-லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. மொழி உதவி பத்தி 2000-ல வந்த ஜனாதிபதி ஆணையை 2025 மார்ச்சுல ரத்து பண்ணிட்டாங்க, அதுக்காக 1964 சட்டம் எங்கயும் போயிடல. வயசான அப்பா அம்மாவை இங்க வச்சிருக்கறவங்க இதை தெரிஞ்சுக்கணும், பாராட்ரான்ஸிட்டுக்கு முழு விண்ணப்பம் குடுத்து 21 நாள்ல முடிவு சொல்லலன்னா முடிவு வர்ற வரைக்கும் வண்டி அனுப்பியே ஆகணும்ங்கறதையும் சேர்த்து.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். கோயில் விழா, சங்கக் கூட்டம் தேதியெல்லாம் போடற பக்கத்துல அந்தந்த ஊர் எம்பிஓ கூட்டத் தேதியையும், கருத்து சொல்ல கடைசி நாளையும் தமிழ்ல போடுங்க. எங்க ஊர்ல அடுத்த கூட்டத்துக்கு அம்மாவே வர்றேன்னு சொல்லிட்டாங்க, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு எழுத்துல கேட்டு அனுப்பியிருக்கேன், அந்த ரெண்டு நிமிஷமும் அம்மாதான் பேசப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி