புகைபோக்கியை உயர்த்தும் முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விறகடுப்பின் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்புகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக, புகைபோக்கியை இன்னும் நான்கடி உயர்த்தச் சொல்லி சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. நானும் அதையேதான் செய்தேன். ஆள் வைத்து, சாரம் கட்டி, நான்கடி உயர்த்தினோம். புகை நிற்கவில்லை. அவரும் அதே செலவில் இறங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக வைத்திருக்கத்தான் அடுப்பு. வார்ப்பிரும்பு அடுப்பு, கண்ணாடிக் கதவு, மேலே ஆறு அங்குலக் குழாய். மாலையில் ஒரு கட்டை போடுவதற்காகக் கதவைத் திறந்தால் போதும், புகை முகத்தில் அடிக்கும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விறகு போடுவோம். காலையிலோ அதே அடுப்பு, அதே விறகு, ஒரு தொந்தரவும் இல்லாமல் எரியும். காலைக்கும் மாலைக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு குளிர்காலம் வரை நாங்கள் யோசிக்கவே இல்லை. உயர்த்திக் கட்ட வந்தவரும் கேட்கவில்லை.

கவனித்தது என் மகள்தான். "அம்மா, நீ கிச்சன் ஃபேனை நிறுத்தினதும் தீ நிமிர்ந்து எரியுது பாரு" என்றாள். மறுபடி ஃபேனைப் போட்டேன். தீநாக்கு சாய்ந்தது, கதவின் ஓரத்தில் புகை கசிந்தது. நிறுத்தினேன், சரியானது. நான்கைந்து முறை போட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அப்படியே.

காரணம் எளியது. எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று வீட்டுக்குள் வந்தாக வேண்டும். நாங்களோ குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்திருந்தோம். பாக்கி இருந்த பெரிய வழி புகைபோக்கி ஒன்றுதான். காற்று அதன் வழியாக இறங்கியது, கூடவே புகையும் இறங்கியது. புகைபோக்கியின் இழுப்பை நாம் பலமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் 10 முதல் 20 பாஸ்கல் வரைதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. இறுக்கி அடைத்த வீட்டில் ஒரு நல்ல ஃபேன் அதைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. புகை திரும்பும் நேரத்தில், அடுப்பு இருக்கும் அறையின் ஜன்னலை ஒரு அங்குலம் திறந்து வையுங்கள். சில நிமிடத்தில் புகை நின்றுவிட்டால், வீட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஆனால் மாடி ஜன்னலைத் திறக்காதீர்கள். நாங்கள் புகை போகட்டும் என்று அதைத்தான் திறந்து வைத்திருந்தோம். சூடான காற்று மாடி வழியாக வெளியேறும்போது வீடே ஒரு புகைபோக்கியாகி, கீழே அடுப்பிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது அடுப்புக்கு அருகில், வெளிக்காற்று வர ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறோம். விறகு போடும்போது ஃபேன் ஓடாது.

அப்புறம் இன்னொரு தொந்தரவு பாக்கி இருந்தது. இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பி, அடுப்பை மூட்டினால் முதல் பத்து நிமிடம் புகை சூழ்ந்துவிடும். எங்கள் புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டி நிற்பது. தீ இல்லாத நாட்களில் அதற்குள் குளிர்காற்று நிறைந்து, மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. தினமும் காலையில் இது தெரியாததற்கு, இரவுக் கங்கின் சூடு குழாயில் மிச்சமிருந்ததுதான் காரணம். இதற்கும் நாங்கள் கட்டிய நான்கடி உதவவில்லை. சூடு காக்கும் உறை இல்லாத நான்கடி குளிர்க்குழாயைக் கூடுதலாகச் சேர்த்ததுதான் மிச்சம். இப்போது முதலில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். கீழே இறங்கினால், பழைய செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, குழாய் தொடங்கும் வாயருகே ஒரு நிமிடம் பிடிப்பேன். குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் விறகுக்குத் தீ வைப்பேன். பெரிய கட்டைகளை அடியில் அடுக்கி, சுள்ளியை மேலே வைத்து, உச்சியில் மூட்டினால் குழாய் இன்னும் சீக்கிரம் சூடாகிறது.

உயரமே காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு ஓர் அளவு இருக்கிறது. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, பக்கவாட்டில் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம். டேப் பிடித்து அளந்துவிட்டு முடிவு செய்யலாம். எங்களுடையது முன்பே அந்த அளவில்தான் இருந்தது. அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

உச்சியில் உள்ள கம்பிவலையையும் பாருங்கள். கரி அடைத்தோ, பறவை கூடு கட்டியோ இருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. குழாயில் 90 டிகிரி வளைவு இருந்தால், அதற்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகள் போடுவது நல்லது.

விறகைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். தீயின் சூட்டை அந்தத் தண்ணீரே குடித்துவிடும். புகை சூடு குறைந்து, மெதுவாக ஏறி, வழியிலேயே தார் போல ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அதுவே குழாய்க்குள் தீப்பிடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த விறகுதான் அடுப்புக்கு உகந்தது. பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விட்டு, குறைந்தது ஆறு மாதமாவது வைக்க வேண்டும். கடினமான மரத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரம் உள்ளது மந்தமாக ஒலிக்கும்.

அந்த இரண்டு குளிர்காலங்களில் அம்மா அடிக்கடி தலைவலி என்பார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம். இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. விறகு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தீ அடங்கிக் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும் இரவு நேரத்தில் புகை கண்ணுக்கே தெரியாது. குழாய் ஆறி இழுப்பும் குறைந்திருக்கும். ஆனால் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டு ஒலிக்கும் அலாரக் கருவியை அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் மாட்டிவிட்டோம். விறகடுப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது இருக்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் வெளியிடுங்கள்.

முதலில் கேள்வி கேட்ட வாசகருக்கு: கட்டுவேலைக்கு ஆள் சொல்லும் முன், இன்று மாலையே ஃபேன்களை நிறுத்திவிட்டு, அந்த ஒரு அங்குல ஜன்னலைத் திறந்து பாருங்கள். என்ன ஆனது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி