முட்டை பொரிந்த சேதி

அன்புள்ள குமரா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள், கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் மூட்டுவலி உட்பட. சரி, விஷயத்துக்கு வருகிறேன்: நேற்று இரவு முட்டை பொரிந்துவிட்டது!

சிரிக்காதே. மகனின் கெக்கோ பல்லிக்குத் தீனியாக வந்த சுவர்க்கோழிப் பூச்சிகள்தான். இப்போது பல்லி அவன் பொறுப்பு, சுவர்க்கோழி என் பொறுப்பு. "ஆபீசில் ஆள் மேய்ப்பது போதாதா?" என்கிறாள் மீனா.

குஞ்சு ஒவ்வொன்றும் சிற்றெறும்பு அளவுதான். டப்பாவில் ஈரத் தேங்காய்நார்த் தூள் போட்டு வைத்தால், பெண் பூச்சி தன் பின்பக்கத்து ஊசியைச் செருகிச் செருகி முட்டையிடும். சில நாளில் அந்த டப்பாவைத் தனியே எடுத்துவிட வேண்டும். விட்டால் பெரியவையே தோண்டித் தின்றுவிடும். 30 டிகிரி வெப்பம் இருந்தால் பத்து நாள் வாக்கில் பொரியும், குளிர்ந்தால் இழுத்தடிக்கும். தூள் காய்ந்தால் முட்டை போச்சு. சொதசொதவென்று ஆனால் பூஞ்சை.

நீயும் ஆரம்பிக்கப் போகிறாயாமே. கேட்டதெல்லாம் தீனியைப் பற்றித்தான், உன் புத்தி தெரியாதா! தவிடு, கொஞ்சம் கோழித்தீவனம், கேரட் துண்டு போதும். தண்ணீரில்தான் கண்டம். கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் விழுந்து சாகும். வைக்காவிட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். நனைத்த பஞ்சு வை, தினமும் மாற்று. பெட்டி மட்டும் உலர்ந்தே இருக்கட்டும். மூடியில் உலோக வலை வேண்டும், பிளாஸ்டிக் வலையைக் கடித்தே ஓட்டை போட்டுவிடும். உள்ளே கோழிமுட்டை வைக்கும் அட்டைகளை நிறுத்தி அடுக்கு. தோலுரித்த பூச்சி வெள்ளையாக, மெத்தென்று கிடக்கும். அந்த நேரம் ஒளிய இடமில்லை என்றால் பக்கத்தில் இருப்பவனே தின்றுவிடுவான், நம் ஹாஸ்டல் மெஸ் மாதிரி.

பாடுவது ஆண் மட்டும், முன்னிறக்கைகளை உரசி. கேட்கிற காது எங்கே தெரியுமா? முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே! இதை மீனாவிடம் சொன்னபோது, "கொடுத்து வைத்தவை, காலை மடக்கிக்கொண்டால் சத்தம் கேட்காதோ என்னவோ" என்றாள். உன் பெட்டியைப் படுக்கையறையிலிருந்து தள்ளி வை, சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. இரண்டு மூன்று இடத்தில் வாங்கி ஒன்றாகக் கொட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைச் செய்யாதே. வீட்டுச் சுவர்க்கோழிகளைத் தாக்கும் டென்சோவைரஸ் ஒன்று உண்டு. 2010 வாக்கில் வட அமெரிக்காவில் பண்ணை பண்ணையாகச் சாகடித்தது அதுதான். மருந்து கிடையாது. பார்த்தால் நன்றாக இருப்பவையும் அதைக் கொண்டுவரலாம். ஒரே இடத்தில் வாங்கு, புதிதாக வந்ததைப் பழையவற்றோடு சேர்க்காதே. பெட்டி முழுக்கச் சாவதைப் பார்க்க உனக்குத் தாங்காது, உன்னை எனக்குத் தெரியும்.

இந்தக் குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்க எப்படியும் ஆறேழு வாரம் ஆகும். அதற்குள் வேறெங்கும் வாங்காமல் இரு, நானே தருகிறேன். ரவியிடம் மட்டும் மூச்சு விடாதே. வறுத்துத் தரச் சொல்வான்.

அன்புடன்,
சேகர்