பழைய காருக்கு முதற்செலவு பெயின்ற் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தனில் கராஜ் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி, தகப்பன் ஓடிய எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் காரை லொறியில் ஏற்றி வந்தார். வெளிநாட்டிலிருக்கும் தமையன் அனுப்புகிற காசில் சிவப்புப் பெயின்றும் தோல் சீற்றும் போடவேணுமாம். கதவுக்குக் கீழே ஓடுகிற தகரத்தில் ஸ்குறூட்றைவரை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. குரக்கன் மா மாதிரித் துரு கொட்டியது.

1962 முதல் 1980 வரை செய்த அந்தக் காருக்கு உடம்பைத் தாங்கும் தனிச் சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. அந்தக் கீழ்த்தகரம்தான் அதன் முதுகெலும்பு. முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் உடம்பு வளைந்துவிடும், பிறகு கதவு பூட்டாது. ஆகவே கையிலுள்ள காசில் பாதியைத் தகரவேலைக்கு ஒதுக்குங்கள். அடுத்தது பிறேக்கும் வயரிங்கும். கால்பங்கைத் தொடாமல் வையுங்கள், பிரித்த பிறகுதான் மிச்சத் துரு தெரியும். பெயின்ற் கடைசி.

யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓஸ்ரின் கார் ஓட வைத்த கைகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில் படிக்கும் பிள்ளைகளை இந்த வேலை பழக எங்களிடமும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மெக்கானிக் ஒருவர்,
பரந்தன்