வங்குரோத்து ஆனாலும் பிணை விலகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் ஒருவர் வங்குரோத்து ஆனாலும் அவருடைய படிப்புக் கடன் இலகுவில் விலகாது என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். உண்மைதான். 1976 இல் ஐந்து வருடம் பொறுத்தால்தான் வங்குரோத்தில் அந்தக் கடன் விலகும் என்றார்கள், 1990 இல் அது ஏழு வருடமானது, 1998 இல் பொறுத்திருந்தால் விலகும் என்ற அந்த வழியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது தாங்க முடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் விடுதலை. கனடாவில் படிப்பை விட்டு ஏழு வருடம் கழிந்திருந்தால் வங்குரோத்தோடு அரச படிப்புக் கடனும் போய்விடும் என்று ஸ்காபரோவில் இருக்கும் என் பெறாமகள் சொன்னாள்.

ஆனால் பிணை நின்றவனைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க அரசு மாணவர்களுக்குக் கொடுக்கும் கடனுக்குப் பெரும்பாலும் பிணை தேவையில்லையாம். இங்கே அப்படியா?

2019 இல் என் அக்காவின் மகன் கொழும்பில் கணினிப் படிப்புக்கு நாலு லட்சம் ரூபா கடன் கேட்டான். அக்காவிடம் இருப்பது உறுதி இல்லாத, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி, அதை வங்கி ஈடாக ஏற்கவில்லை. அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். நான் அப்போது பாடசாலையில் எழுதுவினைஞர். ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில் பதினொரு இடத்தில் கையெழுத்து வைத்தேன். முப்பது வருடம் மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்த எனக்கே அதில் என்ன இருக்கிறதென்று கேட்கத் தோன்றவில்லை. சும்மா ஒரு சம்பிரதாயம் என்றார் கவுண்டரில் இருந்த தம்பி.

கொரோனாவில் வகுப்பு நின்றது. பிறகு அந்த நிறுவனமும் மூடிவிட்டது, சான்றிதழும் இல்லை, காசும் திரும்பி வரவில்லை. மருமகன் இப்போது பரந்தனில் ட்ராக்டர் உதிரிப்பாகக் கடையில் நிற்கிறான். மாதம் ஐயாயிரம் கட்டுகிறான், அது வட்டிக்கே போதாது. இறுதி அறிவித்தல் என் பெயருக்குத்தான் வருகிறது. மற்றப் பிணையாளி ஒரு ஆசிரியை. அவர் அக்காவோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

சரி, அவனை வங்குரோத்து என்று அறிவித்தால் என்ன என்று கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்து 1853 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். அதில் அவன் விடுபட்டாலும் பிணை நின்றவர் விடுபட மாட்டார் என்றார். அமெரிக்காவிலும் கனடாவிலும்கூட அதுதானாம். வங்கி அவனை விட்டுவிட்டு நேரே என்னிடம் வரும், அவ்வளவுதான்.

2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்றது. 2022 இல் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நிறுத்தி, கடன் கொடுத்தவர்களோடு பேசித் தவணையை மாற்றிக்கொண்டது. ஆகவே மனம் வைத்தால் வழி இல்லாமல் இல்லை. நான் கேட்பது கடனைத் தள்ளிவிடச் சொல்லி அல்ல. படிப்புக் கடனுக்குப் பிணை நிற்பவரின் பொறுப்பு எவ்வளவு என்று தொகை குறிக்க வேண்டும். படிப்பித்த நிறுவனமே மூடினால் தவணையை நிறுத்தி வைக்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பற்றி ஒருநாளாவது சபையில் பேசட்டும்.

மருமகனின் தம்பி இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறான். நேற்றுப் பின்னேரம் அக்கா ஒரு பை கச்சானோடு வந்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் விறாந்தையில் இருந்துவிட்டுப் போனா.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
விசுவமடு.